‘கிடைக்கும்’ என்று சொன்ன பெட்டி

கம்பெனி தொடங்குவது என்று முடிவான அன்று இரவே பெயரைத் தேடினேன். முதலீடு எவ்வளவு, யாருக்கு எத்தனை பங்கு, முதல் வாடிக்கையாளர் எங்கிருந்து வருவார் என்று எதுவும் முடிவாகவில்லை. பெயர் மட்டும் கையில் இருந்தது. நிழல். நானும் அக்காவும் மொழிபெயர்ப்பும் நூல் வடிவமைப்பும் செய்து தரும் சின்ன நிறுவனம் ஒன்றைத் தொடங்குவதாகப் பேச்சு. (கூடப் பிறந்த அக்கா அல்ல. பழைய வேலையில் எனக்கு மூத்தவர், அன்றிலிருந்தே அக்கா.) மூலத்தை ஒட்டியே நடக்கும், ஆனால் மூலம் ஆகிவிடாது. எங்கள் தொழிலுக்கு நிழலைவிடப் பொருத்தமான சொல் எது? கண்டுபிடித்தது அக்கா. பெருமிதம் என்னுடையது.

நிறுவனங்களைப் பதிவுசெய்யும் அரசுப் பதிவகத்தின் இணையதளத்தில் ஒரு தேடல் பெட்டி. நிழலை ஆங்கில எழுத்தில் தட்டினேன். கடைசியில் லிமிடெட் சேர்க்கவா வேண்டாமா என்று கொஞ்சம் தயங்கி, சேர்த்தே தட்டினேன். பச்சை நிறத்தில் ஒரு வரி வந்தது: ‘அவைலபிள்’.

என் தொழிலே மொழிபெயர்ப்பு. இருந்தும் அந்த ஒரு சொல்லைத் தப்பாக மொழிபெயர்த்தேன். ‘கிடைக்கும்’ என்று பெட்டி சொன்னதை ‘கிடைத்துவிட்டது’ என்று எடுத்துக்கொண்டேன். மறுவாரம் இலச்சினை வரைந்தாயிற்று. அழைப்பு அட்டை அச்சாகி வந்தது. அக்காவின் பிள்ளைகள் வீட்டு வாசற்கதவில் ‘நிழல்’ என்று சாக்பீஸால் எழுதிவைத்தார்கள்.

பன்னிரண்டு நாள் கழித்து விண்ணப்பம் திரும்பி வந்தது. ஏற்கெனவே பதிவில் உள்ள ஒரு பெயரோடு மிக நெருக்கமாக ஒத்திருப்பதால் ஏற்க இயலாது. அந்தப் பெயரையும் குறிப்பிட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்குக் கோபத்துக்கு முன் சிரிப்புதான் வந்தது. அதுவும் நிழல்தான். நாங்கள் ழகரத்துக்கு இசட்-எச் போட்டிருந்தோம், அவர்கள் எல் போட்டிருந்தார்கள். பின்னால் ‘சர்வீசஸ்’ என்று ஒரு வால். ஆங்கிலக் கண்ணுக்கு இரண்டும் வெவ்வேறு சொற்கள். பெட்டிக்கு இருப்பது ஆங்கிலக் கண் மட்டுமே.

அப்படியானால் அதிகாரிக்கு எப்படித் தெரிந்தது? விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருந்தது: பெயரில் வேற்றுமொழிச் சொல் இருந்தால் அதன் பொருளை எழுதுக. நான் ஆர்வக்கோளாறில் பொருள், விளக்கம், உச்சரிப்பு என்று நான்கு வரி எழுதித் தள்ளியிருந்தேன். அவர்களும் தங்கள் விண்ணப்பத்தில் அதே பொருளைத்தான் எழுதியிருப்பார்கள். அதாவது என்னை நானே காட்டிக்கொடுத்துவிட்டேன்.

விஷயத்தை அங்கேயே விட்டுவிட்டு வேறு பெயருக்குப் போயிருக்கலாம். அக்கா அதைத்தான் சொன்னார். எனக்கு மட்டும் அந்தப் பச்சை வரி உறுத்திக்கொண்டே இருந்தது. பெட்டி பொய் சொல்லவில்லை, அதிகாரியும் தப்பாகச் சொல்லவில்லை. ஒரே கேள்விக்கு இரண்டு பதில் எப்படி? பிறகுதான் புரிந்தது, அது ஒரே கேள்வி இல்லை. பெயர் கிடைக்குமா என்று கேட்கிறோமே, அதற்குள் நாலைந்து கேள்விகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்பவர் வேறு.

பெட்டி செய்வது பெரும்பாலும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவதுதான். கொஞ்சம் கெட்டிக்காரப் பெட்டி ஒலியையும் ஒப்பிடும். அந்தக் கலைக்கு வயது நூற்றுக்கு மேல். சவுண்டெக்ஸ் என்ற முறைக்கு ராபர்ட் ரஸ்ஸல் அமெரிக்காவில் 1918இல் காப்புரிமை பெற்றார். முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொள், உயிரெழுத்துகளை விட்டுவிடு, மெய்களை ஒலி நெருக்கத்தின்படி ஆறு குழுவாக்கி ஒவ்வொன்றுக்கும் ஒரு இலக்கம் கொடு, மூன்று இலக்கத்தோடு நிறுத்திக்கொள். ராபர்ட், ரூபர்ட் இரண்டுக்குமே ஆர்-163 என்றுதான் வரும். எழுத்துப்பிழையோடு பதிந்த பெயர்களைத் தேட அது பெரிய உதவி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எங்கள் பெயருக்கு அந்தக் கணக்கைக் கையாலேயே போட்டுப் பார்த்தேன். இசட்-எச் போட்ட நிழலுக்கு என்-240 வந்தது. எல் போட்ட நிழலுக்கு என்-440. ராபர்ட்டையும் ரூபர்ட்டையும் ஒன்றாக்குகிற முறை நிழலையும் நிழலையும் இரண்டாக்கிவிட்டது! குறை அந்த முறையில் இல்லை. ஆங்கில எழுத்துக்குள் அடங்காத ஒலி நம்முடையது. அதை ஒருவர் இசட்-எச் என்பார், ஒருவர் எல் என்பார், இன்னொருவர் ஒய் என்றுகூட எழுதுவார். ழகரம் என்றில்லை. தகரத்துக்கு டி போதுமா டி-எச் வேண்டுமா, நெடிலுக்கு ஏயை இரட்டிப்பதா, சகரத்துக்கு எஸ்ஸா சி-எச்சா என்று ஒவ்வொன்றிலும் சண்டை. தமிழ்ச் சொல்லைப் பெயராக வைத்து ஆங்கில எழுத்தில் பதிகிற எவரும் ஒரு பெயரை மட்டுமல்ல, ஏழெட்டுப் பெயர்களைத் தேட வேண்டும். நான் ஒன்றைத்தான் தேடியிருந்தேன்.

அதிகாரி ஒப்பிடும் முறை வேறு. அவர் பெயரைப் படிப்பதற்கு முன்னால் உரிக்கிறார். வெங்காயம் மாதிரி. லிமிடெட், எல்.எல்.சி. (வரையறுத்த பொறுப்பு நிறுவனத்துக்கு அமெரிக்கச் சுருக்கம்) போன்ற சட்ட வாலை முதலில் எடுத்துவிடுகிறார். பிறகு நிறுத்தக்குறி, இடைவெளி, ‘அண்ட்’டா ‘&’ குறியா என்ற வேறுபாடு எல்லாம் போகின்றன. மிச்சம் நிற்பதை மட்டும்தான் பதிவேட்டோடு ஒப்பிடுகிறார். பிரிட்டனின் விதிகளில் இந்த உரிப்புக்கு நீண்ட பட்டியலே இருக்கிறது. ‘யூகே’ போன்றவை கணக்கில் வராத சொற்கள். ‘சர்வீசஸ்’, ‘குரூப்’, ‘ஹோல்டிங்ஸ்’, ‘இன்டர்நேஷனல்’ எல்லாமும் 2015 வரை அப்படித்தான் இருந்தன. அங்கே ‘ஹேண்ட்ஸ் லிமிடெட்’ என்று ஒன்று இருந்தால் ‘ஹேண்ட்ஸ் யூகே லிமிடெட்’ கிடைக்காது. இரண்டும் அதே பெயர் என்றே கொள்ளப்படும்.

இந்தியாவின் 2014ஆம் ஆண்டு நிறுவனப் பதிவு விதிகளில் 8ஆம் விதி இதையே செய்கிறது. 2019இல் அதைத் திருத்தி எழுதியபோது உதாரணங்களோடு எழுதினார்கள். எந்தச் சட்டப் புத்தகத்திலும் அவ்வளவு சுவாரசியமான பக்கத்தை நான் படித்ததில்லை. ‘கிரீன் டெக்னாலஜி’யும் ‘கிரீன்ஸ் டெக்னாலஜீஸ்’ஸும் ஒன்று, ஒருமை பன்மை செல்லாது. ‘ரிங் டோன்’னும் ‘ரிங்டோன்’னும் ஒன்று, இடைவெளி செல்லாது. ‘பில்டர்ஸ் அண்ட் கான்ட்ராக்டர்ஸ்’ என்பதைத் திருப்பிப்போட்டு ‘கான்ட்ராக்டர்ஸ் அண்ட் பில்டர்ஸ்’ என்று வைத்தாலும் ஒன்றுதான். காலம் மாற்றினாலும் ஒன்று, எழுத்தை வேண்டுமென்றே பிழையாக்கினாலும் ஒன்று. படிக்கப் படிக்க, மனிதர்கள் இதற்குள் என்னென்ன தந்திரம் செய்து பார்த்திருப்பார்கள் என்று தெரிந்தது. ஒவ்வொரு உதாரணத்துக்கும் பின்னால் எங்களைப் போல் யாரோ ஒருவர் விண்ணப்பத்தோடு நின்றிருக்க வேண்டும்.

அமெரிக்காவின் பல மாநிலங்களில் இவ்வளவு கறார் கிடையாது. பதிவேட்டில் இருக்கும் மற்ற பெயர்களிலிருந்து பிரித்தறிய முடிந்தால் போதும் என்பதே அங்கே அளவுகோல். ஒரு சொல் கூடினாலும் குறைந்தாலும் நுழைந்துவிடலாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எளிதாகக் கிடைத்த அனுமதிக்குப் பின்னால் பாதுகாப்பும் அவ்வளவுதான். நாளை இன்னொருவர் நம் பெயரோடு ஒரு சொல்லைக் கூட்டிக்கொண்டு அதே வாசல் வழியாக உள்ளே வருவார்.

இந்த இடத்தில்தான் எனக்கு எல்லை என்பது உறைத்தது. எதற்குள் கிடைக்கும்? பிரிட்டனில் ஒரு பெயர் நாடு முழுவதற்கும் ஒன்று. அமெரிக்காவில் எல்.எல்.சி. மாநிலச் சட்டத்தின் பிள்ளை, ஆகவே பெயரும் அந்த மாநிலத்துக்குள் மட்டும். பக்கத்து மாநிலத்துக்குத் தொழிலைக் கொண்டுபோனால் அங்கே அதே பெயர் வேறொருவரிடம் இருக்கலாம். அப்போது அந்த மாநிலத்துக்கென்று மாற்றுப்பெயர் ஒன்று பூண்டுகொள்ள வேண்டியதுதான். ஜெர்மனியின் வணிகச் சட்டம் இன்னும் குறுகியது. ஒரே ஊரில் அல்லது ஒரே உள்ளாட்சிப் பகுதியில் ஏற்கெனவே பதிந்த பெயர்களிலிருந்து புதுப்பெயர் தெளிவாக வேறுபட வேண்டும் என்கிறது. ஜப்பானில் கதவுவரைக்கும் சுருங்கிவிட்டது. 2006இல் புதிய நிறுவனச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகு அங்கே தடை ஒன்றே ஒன்றுதான்: ஒரே முகவரியில் ஒரே பெயர் கூடாது. எதிர்வீட்டில் உங்கள் பெயரிலேயே ஒரு நிறுவனம் பதியலாம், பதிவகம் தடுக்காது. (நியாயமற்ற போட்டிக்கு எதிரான சட்டம் தடுக்கலாம். அது வேறு வாசல்.)

ஆக, ஒரே சொல். ஓரிடத்தில் அது நாடு, ஓரிடத்தில் மாநிலம், ஓரிடத்தில் ஊர், ஓரிடத்தில் கதவிலக்கம்.

இந்த வேடிக்கையே வேண்டாம் என்று நினைப்பவர்களுக்குக் கனடாவில் ஒரு வழி இருக்கிறது. பெயர் வைக்காமலே நிறுவனம் பதியலாம். பதிவகம் ஒரு எண்ணைக் கொடுத்து அதையே பெயராக்கிவிடும், எண்ணுக்குப் பின்னால் ‘கனடா இன்க்.’ என்று வரும். ஆஸ்திரேலியாவிலும் ஒன்பது இலக்க நிறுவன எண்ணையே பெயராக வைத்துக்கொள்ளலாம். எண் எப்போதும் கிடைக்கும். இதைச் சொன்னபோது அக்கா சட்டென்று, “நாமளும் நம்பரே வெச்சுக்கலாம்டா, ஜாதக நம்பர் மாதிரி இருக்கும்” என்றார். அட்டை அச்சடித்த காசு அவருடையது. அதனால் நான் பதில் பேசவில்லை.

பெயருக்கு ஏன் இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று எங்கள் ஆடிட்டரிடம் ஒருமுறை கேட்டேன். “கம்பெனின்னா என்ன சார்? தொட்டுப் பாக்க முடியுமா? பேரு ஒண்ணுதான இருக்கு” என்றார். போகிற போக்கில் சொன்னார், ஆனால் வரலாறு முழுக்க அதுதான் இருக்கிறது. பொறுப்பு வரையறுக்கப்பட்டது என்றால் என்ன? நிறுவனம் கடனில் மூழ்கினால் கடன் கொடுத்தவர் என் வீட்டு வாசலுக்கு வர முடியாது. இது எனக்கு நல்லது, அவருக்கு நல்லதல்ல. ஆகவே அவரை முன்கூட்டியே எச்சரித்தாக வேண்டும். எச்சரிக்கை எழுதுவதற்குக் கிடைத்த இடம் பெயர்ப்பலகைதான். இங்கிலாந்தின் 1855ஆம் ஆண்டு வரையறுத்த பொறுப்புச் சட்டம், பெயரின் கடைசிச் சொல்லாக ‘லிமிடெட்’ வர வேண்டும் என்றது. ஜெர்மனி 1892இல் ஜி.எம்.பி.எச். என்ற வரையறுத்த பொறுப்பு வடிவத்தைக் கொண்டுவந்தது, அமெரிக்காவின் வயோமிங் மாநிலம் 1977இல் எல்.எல்.சி.யைக் கொண்டுவந்தது. வடிவம் எதுவானாலும் வால் இல்லாமல் பெயர் இல்லை.

வாலை மறந்தவர்கள் பட்ட பாட்டைப் படித்தால் சிரிப்பும் பயமும் சேர்ந்தே வரும். 1858இல் பென்ரோஸ் எதிர் மார்ட்டிர் என்றொரு வழக்கு. ஒரு நீராவிப் படகு நிறுவனத்தின் செயலாளர், நிறுவனத்தின் சார்பில் ஒரு மாற்றுச்சீட்டை (குறித்த நாளில் பணம் தருவதாக ஒப்பும் சீட்டு) ஏற்றுக் கையெழுத்திட்டார். சீட்டில் நிறுவனத்தின் பெயர் இருந்தது, ‘லிமிடெட்’ மட்டும் விட்டுப்போயிருந்தது. நிறுவனம் பணம் கட்டவில்லை. செயலாளரே தன் கையிலிருந்து கட்ட வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. நூற்றுப்பத்து வருடம் கழித்து, 1968இல், ‘மைக்கேல் ஜாக்சன் (ஃபேன்சி கூட்ஸ்) லிமிடெட்’ என்ற நிறுவனத்துக்கு (பாடகருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை) வந்த சீட்டில் ‘எம். ஜாக்சன்’ என்று சுருக்கி எழுதியிருந்தது. கையெழுத்திட்ட இயக்குநர் மாட்டிக்கொண்டிருக்க வேண்டியவர். அப்படிச் சுருக்கி எழுதியதே பணம் கேட்டு வந்த தரப்புதான் என்பதால் தப்பித்தார். ஒரு முதலெழுத்துக்கு இத்தனை! அந்தத் தனிப்பொறுப்பு விதி இப்போது பிரிட்டனில் இல்லை. ஆனாலும் அதைப் படித்த நாளிலிருந்து நான் கையெழுத்திடுமுன் எங்கள் முழுப்பெயரை ஒருமுறை வாய்க்குள் படித்துக்கொள்கிறேன்.

பெயர்கள் நெருங்கி இருப்பதில் என்ன ஆபத்து என்று நான் கடைசியாகப் புரிந்துகொண்டது டெய்லர் கதையில்தான். வேல்ஸின் கார்டிஃப் நகரில் ‘டெய்லர் அண்ட் சன்ஸ் லிமிடெட்’ என்ற பொறியியல் நிறுவனம் இருந்தது. நூறு ஆண்டுக்கு மேற்பட்ட குடும்பத் தொழில். 2009 பிப்ரவரியில் ‘டெய்லர் அண்ட் சன் லிமிடெட்’ என்ற வேறொரு நிறுவனத்தைக் கலைக்கச் சொல்லி ஒரு நீதிமன்ற ஆணை பதிவகத்துக்கு வந்தது. சன், சன்ஸ். ஒரு எஸ்தான் வித்தியாசம். பதிவகம் ஆணையைக் கார்டிஃப் நிறுவனத்தின் பெயரில் ஏற்றிவிட்டது. சில நாளிலேயே தவறு தெரிந்து திருத்தினார்கள். ஆனால் அதற்குள் கடன்தகுதி நிறுவனங்களுக்குச் செய்தி போய்விட்டது. சரக்கு கொடுப்பவர்கள் கடனை நிறுத்தினார்கள், நிறுவனம் அதே ஆண்டில் விழுந்தது. பதிவகம் கவனத்தோடு செயல்படக் கடமைப்பட்டது, அதிலிருந்து தவறிவிட்டது என்று 2015இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனி எண் உண்டு. ஆனால் மனிதர்கள் எண்ணைப் படிப்பதில்லை, பெயரைத்தான் படிக்கிறார்கள்.

இதைப் படித்த பிறகு எங்களை நிராகரித்த அந்த அதிகாரியின் மேல் எனக்கு ஒரு மரியாதையே வந்துவிட்டது. எல் போட்ட நிழல் என்றாவது கடனில் விழுந்து, செய்தி இசட்-எச் போட்ட நிழலின் தலையில் ஏறியிருந்தால்?

பதிவகத்தின் சம்மதம் கிடைத்தாலும் வேலை முடிவதில்லை. இதை ஆடிட்டர் சொல்லவில்லை. பெயர் தேடுவதற்கென்றே ஒரு சாயங்காலம் உட்கார்ந்த வழக்கறிஞர் நண்பன் சொன்னான்: “அவங்க உன் பேர புக்ல எழுதிக்கிறாங்க, அவ்ளோதான். அந்தப் பேர்ல நீ யாவாரம் பண்ணலாமான்னு அவங்க பாக்கல.” நிறுவனப் பெயர் வேறு, வணிகக்குறி (டிரேட்மார்க்) வேறு. முன்னதை வைத்திருப்பது பின்னதற்கான உரிமை ஆகாது.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் மட்டூன் என்று ஒரு சிற்றூர். அங்கே ஒரு தம்பதி தங்கள் கடைக்குப் பர்கர் கிங் என்று பெயர் வைத்து, 1959இல் அந்த மாநிலத்தின் வணிகக்குறியாகவும் பதிந்திருந்தார்கள். ஃபுளோரிடாவில் தொடங்கிய பெரிய பர்கர் கிங் 1961இல் இல்லினாய்க்கு வந்தது, அதே ஆண்டில் நாடு தழுவிய குறியையும் பதிந்துகொண்டது. பிறகு வழக்காயிற்று. 1968இல் வந்த தீர்ப்பில் மாநிலம் பெரிய நிறுவனத்துக்குப் போனது. சிறிய கடைக்குக் கிடைத்தது அந்த ஊரும் சுற்றி 20 மைலும். நல்லெண்ணத்தோடு முன்பே பயன்படுத்தி வந்ததால் அதுவாவது மிஞ்சியது. அந்தத் தம்பதியும் எங்களைப் போலத்தான் மாநிலப் பதிவேட்டில் பார்த்துவிட்டு, ‘கிடைக்கிறது’ என்று நிம்மதியாக இருந்திருப்பார்கள்.

வணிகக்குறித் தேடல் கம்பெனிப் பெயர்த் தேடலைவிடக் கடினம். அங்கே ஒரே பெயர் இரண்டு பேரிடம் இருக்கலாம், தொழில் வேறாக இருந்தால். உலகப் பெருவழக்கில் உள்ள நீஸ் வகைப்பாடு பொருள்களையும் சேவைகளையும் 45 வகுப்பாகப் பிரிக்கிறது, 34 வரை பொருள்கள், மீதி 11 சேவைகள். மொழிபெயர்ப்பு 41இல் வரும். வரைகலை வடிவமைப்பு 42. நாங்கள் இரண்டும் செய்கிறவர்கள், ஆகவே இரண்டு வகுப்பிலும் தேட வேண்டியிருந்தது. ஒலி ஒத்தாலும் மோதல், தோற்றம் ஒத்தாலும் மோதல், பொருள் ஒத்தாலும் மோதல். அமெரிக்காவில் வேற்றுமொழிச் சொல்லை ஆங்கிலத்தில் பெயர்த்துப் பார்த்து ஒப்பிடும் கோட்பாடும் உண்டு. அதாவது அங்கே நிழலுக்கு எதிரி எல் போட்ட நிழல் மட்டுமல்ல, ‘ஷேடோ’வும்தான். மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் இதை எதிர்க்க எனக்கு நாக்கு வரவில்லை.

இரண்டாவது முறை நாங்கள் பெயர் தேடிய விதமே மாறியிருந்தது. அக்கா ஐந்து சொற்கள் கொண்டுவந்தார். நான் ஒவ்வொன்றையும் முதலில் பிய்த்துப்போட்டேன். சட்ட வாலைத் தட்டுவதில்லை, தொழிலைச் சொல்லும் சொல்லைத் தட்டுவதில்லை, தனித்து நிற்கும் சொல்லை மட்டும். அதையும் முழுதாகத் தட்டாமல் முதல் நான்கு எழுத்தோடு நிறுத்தி, வருகிற பட்டியலைக் கண்ணால் ஓட்டுவேன். பெட்டி ஆம் இல்லை என்று சொல்வதைவிட, பட்டியல் சொல்வது அதிகம். பிறகு எல்லா எழுத்துக்கூட்டலிலும் ஒருமுறை. சேர்த்து, பிரித்து, நெடிலை இரட்டித்து, ஒற்றையாக்கி. அக்கா போனில் பெயரைச் சொல்வார், அவருடைய மகள் காதில் விழுந்ததை ஆங்கிலத்தில் எழுதிக் காட்டுவாள், அதையும் தேடுவேன். எங்களிடம் இருந்த சிறந்த சவுண்டெக்ஸ் அந்தப் பெண்தான். டொமைனையும் (இணையதள முகவரி) பார்த்தோம், ஆனால் கடைசியில். டொமைன் கிடைத்துவிட்டது என்ற மகிழ்ச்சி மற்றத் தேடல்களின்மேல் திரையாக விழுந்துவிடுகிறது.

இரண்டு சொற்கள் பதிவேட்டிலேயே விழுந்தன. ஒன்று வணிகக்குறியில் விழுந்தது. நான்காவது எல்லாவற்றையும் தாண்டியது, ஆனால் இன்னொரு மொழியில் அதற்கு அசிங்கமான பொருள். மிஞ்சியது ஐந்தாவது. அதன் பெயரை இங்கே எழுதினால் விளம்பரமாகிவிடும், வேண்டாம். இந்த முறை ஒப்புதல் கையில் வரும்வரை இலச்சினை வரையவில்லை. ஒப்புதல் வந்த பிறகும் அவசரம்தான். பெயரை ஒதுக்கி வைப்பதற்குக் காலக்கெடு உண்டு, கெடுவுக்குள் நிறுவனத்தைப் பதியாவிட்டால் பெயர் மறுபடி சந்தைக்குப் போய்விடும். இந்தியாவில் புது நிறுவனத்துக்கு 20 நாள், அமெரிக்காவின் டெலவேரில் 120 நாள். எங்கள் கெடு முடிய மூன்று நாள் இருக்கும்போது, பங்கு விகிதத்தில் எனக்கும் அக்காவுக்கும் முதல் சண்டை வந்தது. இரண்டு நாளில் தீர்த்துக்கொண்டோம். பெயர் போய்விடும் என்ற பயம் இல்லாவிட்டால் தீர்த்திருப்போமா தெரியாது.

பெயர்களோடு விளையாடுகிறவர்களும் இருக்கிறார்கள். பிரிட்டனில் ஒருவர் கணினி நிரல் துண்டு ஒன்றையே நிறுவனப் பெயராகப் பதிந்துவிட்டார். பெயரைத் திரையில் காட்டும் இணையதளங்கள் அதை நிரலாகவே ஓட்டிவிடும் ஆபத்து. 2020இல் பதிவகம் பெயரை மாற்றச் சொன்னது. அவர் வைத்த புதுப்பெயர்: ‘முன்பு பெயரில் எச்.டி.எம்.எல். ஸ்கிரிப்ட் குறிகள் கொண்டிருந்த அந்த நிறுவனம் லிமிடெட்’. கிடைக்குமா என்று தேடவே தேவையில்லாத பெயர்.

பழக்கம் விடவில்லை. இப்போதும் ஆண்டுக்கு ஒருமுறை, எங்கள் ஆண்டறிக்கையைப் பதிவேற்றும் நாளில், பெட்டியில் நிழலைத் தட்டுகிறேன். இரண்டு எழுத்துக்கூட்டலிலும். போன முறை இரண்டுக்குமே பச்சை வரி வந்தது. தவறாக இருக்கும் என்று எல் போட்ட நிழலின் பக்கத்தைத் திறந்தேன். ‘கலைக்கப்பட்டது’ என்று இருந்தது, பக்கத்தில் ஒரு தேதி. கலைந்த நிறுவனத்தின் பெயர் பொதுவாக எல்லோருக்கும் திறந்துவிடும். பிரிட்டனில் ஒரு விதிவிலக்கு உண்டு, திவாலாகிக் கலைந்தால் அதன் பழைய இயக்குநர்கள் மட்டும் நீதிமன்ற அனுமதியின்றி அந்தப் பெயரை ஐந்து ஆண்டுக்குத் தொடக்கூடாது. ஊருக்கெல்லாம் கிடைக்கும் பெயர் அதைப் பெற்றவருக்கு மட்டும் கிடைக்காது.

அக்காவை அழைத்துச் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்பார், வங்கிக் கணக்கு, ஒப்பந்தங்கள், வரிப் பதிவு எல்லாவற்றையும் மாற்றுகிற தலைவலியை நான் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும் என்று தயாராகவே இருந்தேன்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: “ஏன் மூடினாங்களாம்?”

பக்கத்தைக் கீழே உருட்டிப் பார்த்தேன். தேதிக்கு மேல் எதுவும் போட்டிருக்கவில்லை.